தாய்மாமன் கோடி

ஆதிமூலத்தின் கையை முறுக்கித்தான் சுமலதா அந்தக் கொடுவாளைப் பிடுங்க வேண்டியிருந்தது. சித்தப்பா மகன், அவளைவிட எட்டு வயது இளையவன், மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய கை. அக்கா என்ற மரியாதைக்குத்தான் கடைசியில் விட்டான். வாங்கிய வேகத்தில் அதைக் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசினாள்.

"மாமன் வேன் சிங்கவரம் ரோட்டுல திரும்பிடுச்சாம். எங்க அண்ணன அடிச்சுக் கொன்னுட்டு, அவன் மேலயே கோடித்துணி போத்த வரான். உள்ள கால வெக்கட்டும், தல இருக்காது" என்றான் ஆதிமூலம்.

வாசலில் எஸ்.ஐ. நிற்கிறார், பார்த்ததை நானே அவரிடம் சொல்லப்போகிறேன் என்றாள் சுமலதா.

"நீ சொல்லுவ. பெரிம்மா சொல்ல உடுமா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. பெற்ற அம்மாதான் முதல் ஆளாக வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அடித்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

செத்தவன் சுமலதாவின் தம்பி குரு. அக்காவும் தம்பியும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்தார்கள். பாக்டீரியாவுக்குள் புது மரபணுவைச் செருகி, அது இதுவரை செய்யாத வேலையைச் செய்ய வைப்பதுதான் அந்தக் குழுவின் தொழில். குரு அதுகளைப் பாக்டீரியா என்று சொல்லவே மாட்டான், பசங்க என்பான். காலையில் லேபுக்குள் நுழையும்போதே, "பசங்களுக்குச் சோறு வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவான். பேராசிரியர் இராமச்சந்திரனே சிரித்துவிடுவார். இனி அந்தக் கதவை அப்படித் திறக்க எவன் இருக்கிறான்?

வேர்க்கடலை வேரில் குடியிருந்து, உரம் போடாமலே செடிக்குத் தழைச்சத்து ஊட்டுகிற பாக்டீரியா ஒன்றை நாலு வருஷம் மாரடித்து உண்டாக்கியிருந்தார்கள். சோதித்துப் பார்க்க குருவின் சொந்தக் கொல்லி நிலத்திலேயே வலைக்கொட்டகை போட்டு, சிமெண்ட் தொட்டிகளில் கடலை விதைத்திருந்தார்கள். பாக்டீரியா வேரில் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு நிற மரபணுவையும் சேர்த்தார்கள். நீலமும் இருந்தது, சிவப்பும் இருந்தது. போட்டோவில் எடுப்பாக விழும் என்று சிவப்பைத் தேர்ந்தெடுத்தவள் சுமலதா. நீலமே இருக்கட்டும் என்றான் குரு. வேர் சிவப்பாக இருந்தால் நம் ஊர்க்காரர்கள் நம்மை மேல்மலையனூருக்கு மந்திரிக்க இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேலி செய்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொட்டகைக்கு வெளியே ஒரு இலைகூடப் போகக்கூடாது என்பது சட்டம். ஆனால் வெயில் வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று குழுவில் சின்னவனான சேரன் சில செடிகளைப் பிடுங்கிக் கழுவி, வலைக்கு வெளிப்பக்கம் தொங்கவிட்டான். அந்தப் பக்கம் போன மாமா தாண்டவராயன் அதைப் பார்த்தார். ரத்தம் குடித்த வேர் என்று தளவானூர் வரைக்கும் சொல்லிவிட்டார். அந்த வாரமே அவருடைய கறவை மாடு இரண்டும் நுரை தள்ளி விழுந்தன. மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளத்தை மேய்ந்ததுதான் காரணம் என்று மாட்டு டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்?

மாமா மண்வெட்டியோடு வந்தார். வலையைக் கிழித்தார், தொட்டிகளை உடைத்தார். நடுவில் புகுந்து, "மாமா, நான் சொல்றதக் கேளு" என்று கையைப் பிடித்த குருவின் மண்டையில் மண்வெட்டிக் காம்பை இறக்கினார். பச்சைத் தேங்காயை உடைத்த மாதிரி ஒரு சத்தம். சுமலதா பார்த்தாள், சேரனும் பார்த்தான். குரு ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்காமல் இரண்டு நாள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோதே சேரன் தொட்டி தொட்டியாக பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி எல்லாவற்றையும் கொன்றுவிட்டான். வலை கிழிந்தால் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. அதை வகுத்தவர்களில் சுமலதாவும் ஒருத்தி. ஆனாலும், தம்பியின் பசங்களைத் தம்பி போகிறவரைக்குமாவது விட்டிருக்கக் கூடாதா?

இப்போது வாசலில் குருவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். பிரேதப் பரிசோதனைத் தையல் தெரியாமல் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். பல்கலைக்கழக வேனில் வந்தவர்கள் புங்கமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். இராமச்சந்திரன் சார் தயங்கித் தயங்கி அவளருகே வந்தார். ராத்திரியெல்லாம் அழுதிருப்பார் போல, கண் வீங்கிக் கிடந்தது. முதலில் ஆறுதல் சொன்னார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு வந்த காரியத்துக்கு வந்தார். அடிதடி என்று கேஸ் போனால் ஏன் அடித்தான் என்று கேட்பார்கள், செடி வெளியே போனது தெரியவரும், அனுமதி ரத்தாகும், குழுவையே கலைத்துவிடுவார்கள். கால் வழுக்கித் தொட்டி விளிம்பில் மோதிவிட்டான் என்று சேரன் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"போனவன் வரப்போறதில்ல, சுமா. இருக்கிற ஒன்பது பேரோட படிப்பு உன் நாக்குல இருக்கு" என்றார்.

சேரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கொன்ற மாமனுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் ஒரே பொய் தேவைப்பட்டதை நினைத்தபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது. கையில் எது கிடைத்தாலும் எடுத்து சார் மூஞ்சியில் அடித்திருப்பாள். திரும்பிப் பாடைப் பக்கம் நடந்தாள்.

அம்மா ஆண்டாள் பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. சுமலதாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எந்தம்பிய எங்கம்மா எங்கிட்ட உட்டுட்டுப் போச்சு. இடுப்புல தூக்கி வளத்தேன். உங்க நைனா செத்தப்ப இந்த வூட்டுக்கு அரிசி போட்டவன் அவன். ஒன்ன மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொன்ன நீயே புடுங்கி ஜெயில்ல போட்றாத. கோடிய வாங்கிக்க. அதோட முடிஞ்சிரும்."

"முடிஞ்சிருமா? ஆதிமூலம் கத்தியத் தீட்டிக்கினு நிக்கிறான்மா."

"அவன நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அந்த ஊரில் தாய்மாமன் கோடியை வாங்கிக்கொண்டால் மாமன்மேல் மனத்தாங்கல் இல்லை என்று அர்த்தம். நாளைக்கு எவனும் அதைப் பற்றிப் பேச முடியாது. அதை அறிந்துதான் வெளியே எஸ்.ஐ.யும் ஜீப்பில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். அவளுடைய வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி.

மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. தாண்டவராயன் தாம்பாளத்தில் வேட்டியும் மாலையும் ஏந்தி, இரண்டு மகன்கள் பின்னால் வர, பந்தலுக்குள் நுழைந்தார். ஆஜானுபாகுவான மனுஷன் அழுது அழுது முகம் உப்பியிருந்தார். நடிப்பில்லை, அதுதான் கொடுமை. தோளில் உட்கார வைத்துச் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிக் காட்டின மருமகன் அல்லவா? கோடி வேட்டியை உதறிக் குருவின்மேல் போர்த்தக் குனிந்தார்.

சுமலதா எழுந்தாள்.

"மாமா, என் தம்பி மேல கை படக்கூடாது." பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "சார், என் தம்பி வழுக்கி விழல. இவருதான் மண்வெட்டிக் காம்பால அடிச்சாரு. செவப்பு வேர வெளிய தொங்க உட்டது எங்க தப்பு. அடிச்சது இவரு. நான் கண்ணால பாத்தேன்."

ஆண்டாள் எழுந்து வந்து மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். சுமலதாவுக்குக் கண்ணில் பொறி பறந்தது. அசையாமல் நின்றாள்.

அப்போது புங்கமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமா சார். நானும் பார்த்தேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்." சேரன்தான். இராமச்சந்திரன் அவன் தோளைப் பிடித்தார். அவன் உதறிக்கொண்டு முன்னால் வந்தான்.

அவ்வளவுதான். மாமாவின் மகன்கள் இரண்டு பேரும் சேரன்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ள, இன்னொருவன் வயிற்றில் மிதித்தான். விலக்க வந்த இராமச்சந்திரனின் கண்ணாடி நொறுங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. ஆதிமூலம் ஒரே தாவலில் தாம்பாளத்தைப் பிடுங்கி, அதன் விளிம்பாலேயே தாண்டவராயனின் நெற்றியில் வெட்டினான். ரத்தம் குப்பென்று முகத்தை மூடியது. அவர் தடுக்கவே இல்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. தடுமாறிப் பாடைமேல் சாய்ந்தார். பாடை ஒரு பக்கம் குடைசாய்ந்து, குருவின் தலை மூங்கிலை விட்டுக் கீழே தொங்கியது. தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது.

தையலை எல்லோரும் பார்த்தார்கள். காதுக்கு மேலே தொடங்கி உச்சிவரை போனது.

கைகள் தானாக நின்றன. ஆதிமூலம் தாம்பாளத்தைக் கீழே போட்டான். எஸ்.ஐ. இப்போதுதான் கான்ஸ்டபிளோடு உள்ளே ஓடிவந்தார். வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினாள் ஆண்டாள்.

மிதிபட்டுக் கிடந்த கோடி வேட்டியை எடுத்தாள். பல்லால் கடித்து ஓரத்தைக் கிழித்தாள். உயிரோடிருக்கிறவன்மேல் அதைப் போடாதே என்று யாரோ ஒரு கிழவர் முனகினார். அவள் கேட்கவில்லை. தன் தம்பி தாண்டவராயனை உட்கார வைத்து, நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டாள். கண்ணுக்குள் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்து எழுப்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜீப் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள்.

"யக்கா" என்றார் தாண்டவராயன்.

"ஏறுடா" என்றாள்.

அவர் ஏறினார். ஜீப் கதவை அவளே சாத்தினாள். திரும்பி வந்து பாடையின் அருகே மண்டியிட்டாள். இரண்டு கையிலும் ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள், அவள் பார்க்கவில்லை. அந்தக் கையாலேயே குருவின் தலையை ஏந்தி நேராக வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து, சுமலதா உட்கார இடம் விட்டாள்.