கம்மலுக்குள் மிஞ்சிய வானம்

வானத்தை வெட்டி எடுக்கச் செல்வியை விட்டால் ஆளில்லை என்று ஸ்டுடியோ பிரேம்குமார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்தச் செல்வியை நேரில் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

பிரேம்குமார் டவுனில் கடற்கரைச் சாலையில் கல்யாண ஜோடிகளை நிற்க வைத்துப் படம் எடுப்பார். படங்கள் பிள்ளைச்சாவடியில் ஒரு சிமென்ட் ஷீட் வீட்டின் உள்ளறைக்கு, மூலை உடைந்த ஒரு கைப்பேசிக்கு வந்து இறங்கும். பின்னாலேயே அவர் குரலும் வரும்.

"செல்வி, ஜோடி சூப்பரா இருக்குது. வானந்தான் செத்துக் கெடக்குது. கொஞ்சம் உசுரு குடும்மா."

செல்வி உயிர் கொடுப்பாள். அவளுடைய செயலியில் வானம் மாற்றுவதற்கென்றே ஒரு பிளகின் இருந்தது. அதற்குள் வரிசையாக வானங்கள் காத்திருந்தன. தீப்பிடித்த வானம், பஞ்சுமிட்டாய் வானம், நட்சத்திரத்தை வாரி இறைத்த வானம். படத்தில் இருக்கிற வானத்தை விரலால் தடவினால் அது தூக்கம் வந்த கண்போல மெல்ல மங்கிவிடும். மங்கிய இடத்தில் புதியதை விரிக்க வேண்டும். எல்லாம் தானாகவே நடக்கும் என்றுதான் பேர்; ஆனால் காற்றில் பறக்கிற தலைமுடிக்குள் பிளகின் நுழையாது. முடிக்கும் முடிக்கும் நடுவில் பழைய வானம் ஒட்டிக்கொண்டிருக்கும். செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒற்றை முடி கயிற்றின் தடிமனுக்கு வரும்வரை உள்ளே போய், சுண்டுவிரல் நுனியால் அதைத் துடைத்துவிட்டு வருவாள். அப்படி உள்ளே போகிற நேரம் அவளுக்குப் பிடிக்கும். அங்கே மணப்பெண்ணின் கூந்தல் ஒரு காடு, கன்னம் மணல்மேடு, பொட்டு ஒரு குளம். அங்கே யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படி என்றால் அவள் குரல் தொண்டைக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஒரு திங்கட்கிழமை அவள் போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை.

வெட்டிய வானத்தை எறிய மட்டும் அவளுக்கு மனம் வந்ததில்லை. புதிய வானத்தை விரிப்பதற்கு முன்னால் பழையதை நீளத் துண்டாகப் பிரித்து, கைப்பேசியில் 'மிச்சம்' என்று பெயரிட்ட ஆல்பத்தில் போட்டு வைப்பாள். அம்மா சின்னப்பாப்பா சேதராப்பட்டு சோப்பு கம்பெனிக்குப் போன பிறகு, மத்தியானங்களில் அதைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவாள். சாம்பல், வெளுத்த நீலம், மழைக்கு முந்தின கறுப்பு. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு வானத்துக்கும் கீழே ஒரு ஜோடி கைகோத்து நின்றிருக்கிறது. ஜோடிக்கு வேறு வானம் கிடைத்துவிட்டது. இது பாவம் எங்கே போகும்? இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

தை மாதத்தில் ஆன் என்ற பெண்ணும் இனியவன் என்ற அவள் கணவனும் நின்ற படங்கள் வந்தன. "பாரீஸ் பார்ட்டி. கடல் செவசெவன்னு வரணும். சன்செட் போடு," என்றார் பிரேம்குமார். செல்வி இருப்பதிலேயே பெரிய சூரியனை எடுத்துக் கடலுக்குள் பாதி முக்கினாள். பின்னால் சுண்டல் தின்றுகொண்டிருந்த குடும்பத்தை அழித்தாள். பலூன்காரரை அழித்தாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரை அழித்தாள். இரண்டு முகத்திலும் பொன்னிறம் ஏற்றினாள். எல்லா மணப்பெண்களுக்கும் செய்வதுபோல ஆனின் கன்னத்தையும் இடுப்பையும் லேசாக உள்ளே தள்ளி, புருவத்துக்குக் கீழே இருந்த மச்சத்தையும் துடைத்துவிட்டாள். ஆன் பார்த்துவிட்டு ஓகே, சூப்பர் என்றாளாம். ஓகே வந்தால் பிரேம்குமார் அடுத்த கல்யாணத்துக்காக கேமரா கார்டை அழித்துவிடுவார். இடமில்லை இடமில்லை என்று எப்போதும் அழுகிற கைப்பேசியில் இருந்து செல்வியும் அசல் படத்தை அழித்தாள்.

பிறகு ஒரு நாள் மாலை வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"செல்வின்றது இங்க யாருங்க?"

அப்போதுதான் வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த சின்னப்பாப்பா நிமிர்ந்தாள். "ஏ செல்வி! ஒன்னத் தேடிக்கினு டவுன்லேருந்து ஆளு வந்திருக்குது. என்னாடி பண்ணி வெச்ச?"

செல்வி கதவிடுக்கு வழியே பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்தக் கூந்தலுக்குள் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்தவள் அல்லவா. புருவத்துக்குக் கீழே மச்சம் மட்டும் திரும்பி வந்திருந்தது.

ஆன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் போட வந்தவள் மாதிரி இல்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"எங்கம்மாவுக்கு பாரீஸ் பக்கத்துல டயாலிசிஸ் ஓடுது. பிளேன் ஏற முடியாது. கல்யாணத்துக்கு வர முடியலன்னு அழல, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. நானும் ஒங்கப்பாவும் நிப்போமே, அதே பீச்சுல நின்னு ஒரு படம் எடுத்து அனுப்பு, கட்டிலுக்கு எதிர்ல மாட்டிக்கறேன்னாங்க. அனுப்பினேன். அதுக்கு என்னா பதில் வந்திருக்குது, நீயே கேளு."

கைப்பேசியை நீட்டினாள். பின்னணியில் ஏதோ இயந்திரம் சீராக மூச்சு விட, எலிஸபெத் என்கிற அந்த அம்மாளின் குரல் கேட்டது.

"ஆன், படத்தப் பாத்தேன். எந்த ஊரு பீச்சுடி அது? சூரியன் கடலுக்குள்ள எறங்குது. நம்மூர்ல அது கடல்லேருந்து ஏறி வரும், எறங்கி நான் பாத்ததில்ல. சாயங்கால நேரம், ஒரு ஈ காக்கா இல்ல. பெருசு பண்ணிப் பாத்தேன். ஒன் கம்மல் வளையத்துக்குள்ள ஒரு வானம் இருக்குது, வெளியில வேற ஒண்ணு இருக்குது. யாரோ ஒன்ன வெட்டி ஒட்டியிருக்காங்க. பீச்சுக்குப் போவ நேரமில்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாம். படுத்துக் கெடக்கறவதான, இவளுக்கு என்னா தெரியப்போவுதுன்னு நெனச்சிட்ட இல்ல?"

குரல் நின்றது. ஆன் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

சின்னப்பாப்பா ஈரக் காலோடு உள்ளே வந்துவிட்டாள். "அதான! காலையில வாசல்ல நின்னா நேரா மூஞ்சில வந்து அடிக்குதே, அது எந்தூருச் சூரியன்டி? கடலப் பாத்த வூட்டுலயே பொறந்துட்டு, இது தெரியல பாரு!"

செல்விக்குக் காது இரண்டும் சுட்டன. அந்தக் கம்மல் வளையம்! ஒரு பட்டாணி அளவு ஓட்டை. கூந்தலில் ஒரு முடி விடாமல் துடைத்தவள் அதற்குள் எட்டிப் பார்க்க மறந்திருக்கிறாள்.

"அதுக்கப்பறம் போனையே எடுக்க மாட்டேன்றாங்க," என்றாள் ஆன். "பீச்சுலேருந்து வீடியோ கால் போட்டுப் பாத்தேன், கட் பண்ணிட்டாங்க. இப்பப் போயி நின்னு எடுத்து அனுப்பினா, நான் சொன்ன பெறகு போனியான்னுதான் கேப்பாங்க. எங்க வீட்டுக்காரரும் வேலைக்குத் திரும்பிட்டாரு. நாங்க நெஜமா அங்க நின்னோம்மா. அம்மாவுக்காகத்தான் நின்னோம். அன்னிக்கு இருந்த அந்த வானம் எனக்கு வேணும். உங்க பிரேம்குமாரு எல்லாம் அழிஞ்சிபோச்சின்னு சொல்லிட்டு, இந்த வீட்டு விலாசத்தத்தான் குடுத்தாரு."

செல்வி சுவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். குரல் வழக்கம்போலத் தொண்டைக்குள் சுருண்டுகொண்டது. வெளியே அலை ஒன்று வந்து உடைந்து, இழுத்துக்கொண்டு போனது.

"இருக்குதுக்கா," என்றாள்.

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

'மிச்சம்' திறந்தது. வானங்கள் ஓடின. ஆன் அவள் தோளுக்கு மேலே குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தாள். எத்தனை பேருடைய சாயங்காலங்கள்! ஓரிடத்தில் செல்வியின் விரல் தானாக நின்றது.

பிரேம்குமார் செத்துக் கிடக்கிறது என்று சொன்ன வானம். அவசரமாகப் பார்த்தால் வெளிறிப்போன துணிதான். நிதானமாகப் பார்த்தால் கடலின் விளிம்பை ஒட்டி சிலேட்டு நிறத்தில் ஒரு நீலப் பட்டை. அதன் மேல், யாரோ வாயால் ஊதிப் படியவைத்ததுபோல ஓர் இளஞ்சிவப்பு. சூரியன் ஊருக்குப் பின்னால் மேற்கே விழுந்த பிறகு கிழக்கே கடல் பக்கம் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகிற நிறம் அது. துண்டின் நடுவில் பலூன்கள் மட்டும் கொத்தாக நின்றன. பலூன்காரர் துண்டுக்குக் கீழே, கடல் இருந்த பகுதியில் அழிந்துபோயிருந்தார். ஓரத்தில் ஒரு சிவப்புத் தொப்பி.

முடித்த படத்தைத் திறந்து, பெரிய சூரியனைத் தடவித் தூங்கவைத்தாள். துண்டை எடுத்து மேலே வைத்தாள். வெட்டிய இடம் வெட்டிய இடத்தில் போய், டப்பாவில் மூடி உட்கார்வதுபோல உட்கார்ந்தது. முகங்களில் ஏற்றிய பொன்னிறத்தை இறக்கினாள். கடலின் சிவப்பையும் இறக்கினாள். கம்மல் வளையத்தை மட்டும் தொட வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்ததும் வெளியே வந்ததும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு கலந்துவிட்டன.

பலூன்கள் பிடிக்க ஆளில்லாமல் கடல்மேல் மிதந்தன. சிவப்புத் தொப்பி தலையில்லாமல் தொடுவானத்தில் உட்கார்ந்திருந்தது. செல்வி அதை அழிக்க விரலைக் கொண்டுபோனாள்.

"இருக்கட்டும்," என்றாள் ஆன். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகம் இளகியிருந்தது. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

படம் போனது. இரண்டு டிக் விழுந்தது. நீலமாக மாறியது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. சின்னப்பாப்பா டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். ஆன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. டீயின் மேல் ஆடை படிந்தது. செல்வி மனதுக்குள் அந்த வானத்தின் கூடவே போய்க்கொண்டிருந்தாள். தன் துண்டு வானங்களில் ஒன்று முதன்முதலாக வீட்டைவிட்டு வெளியே போகிறது. கடல் தாண்டி, மேகம் தாண்டி, யாரோ ஒருத்தியின் கட்டிலுக்கு எதிரே போய் நிற்கிறது. உள்ளே வா என்று சொல்லுவார்களா?

கைப்பேசி அடித்தது. வீடியோ கால்.

"அலோ," என்றது குரல். திரையில் ஒரு நெற்றியும் நிறைய வெள்ளைக் கூரையும் தெரிந்தன. "அது போலீஸ்காரன் தொப்பிதான?"

"ஆமா, மமான்," என்றாள் ஆன், திரையில் அம்மாவின் முகத்தைத் தேடிக்கொண்டே.

"ஆள எங்க?"

ஆன் செல்வியைப் பார்த்தாள். சின்னப்பாப்பாவும் செல்வியைப் பார்த்தாள்.

"நான் அழிச்சிட்டேன் ஆன்ட்டி," என்றாள் செல்வி, டீ டம்ளரிடம் சொல்வதுபோல.

"யாரது?"

"படத்த வேல பண்ண பொண்ணு, மமான். செல்வி."

"போலீஸ்காரனையே அழிச்சிட்டியா? மோன் தியே, கடவுளே! பெரிய ஆளுதான் நீ."

சின்னப்பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. நெற்றி நகர்ந்து, கண்கள் திரைக்கு அருகே வந்தன. அவை இவர்களைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்த ரோஸு வந்துடுச்சின்னா ஒங்கப்பா எந்திரி போலாம்னு சொல்லுவாரு. நான் எந்திரிக்கவே மாட்டேன். அது போறவரைக்கும் உக்காந்திருப்பேன்." கண்கள் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்தன. "நின்னுருக்க. அங்கதான் நின்னுருக்க."

"ஆமாம்மா," என்றாள் ஆன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அழாத. ஆமா, ஏன்டி இப்பிடி எளச்சிப் போயிருக்க? கன்னமே இல்ல. ஒன் புருஷன் சோறு போடறானா, வெறும் போட்டோவுக்குத்தான் நிக்கறானா?"

செல்வியின் கை தன்னையறியாமல் தன் கைப்பேசியின் மேல் போனது.

"அதுவும் நான்தான் ஆன்ட்டி."

இந்த முறை கட்டிலில் இருந்தும் சிரிப்பு வந்தது. இருமலோடு கலந்து, நிற்காமல் வந்தது. "எம் பொண்ணு சதைய மொத்தமும் திருப்பிக் குடுத்துடும்மா. அந்த மச்சத்தையுந்தான். அது அவங்கப்பா மச்சம். சரியா பண்ணி அனுப்பு, அத நான் மாட்டிக்கறேன்."

கன்னத்தையும் இடுப்பையும் திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. உள்ளே தள்ளியதை வெளியே தள்ளினாள். திரையில் ஆன் மெதுவாக மூச்சை இழுத்து நிரம்பினாள். மச்சத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அதை அவள் எங்கேயும் சேர்த்து வைக்கவில்லை. வானங்களுக்குத்தான் மிச்சம் உண்டு, மச்சங்களுக்கு இல்லை. எந்த இடம், எவ்வளவு பெரிது, கறுப்பா பழுப்பா?

பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

செல்வி தலையைத் தூக்கினாள். அவள் ஒரு முகத்தைப் பெரிதாக்காமல், நகர்த்தாமல், இருக்கிறபடியே நேராகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்த முகம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் வாசப் பக்கம் திரும்புங்க. இங்க வெளிச்சம் பத்தல."

ஆன் எழுந்து வாசற்படியில் போய்ப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் கடல் சிலேட்டு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அதன் மேல் யாரோ இளஞ்சிவப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அவள் அதே கம்மல்தான் போட்டிருந்தாள். செல்வி கைப்பேசியை உயர்த்தினாள். பட்டாணி அளவு ஓட்டைக்குள் வானம் கொஞ்சம் வந்து உட்கார்ந்திருந்தது.

அதை அப்படியே விட்டுவிட்டு, மச்சத்தைப் பார்த்தாள்.