முனை வெட்டாத வீடுகள்

ரொசாரியோ நகரத்து வாசகசாலையின் பின்னறையில் அன்று மூன்று பேர். ஜன்னலோரம், கணினிக்கு முன்னால் ராமிரோ. விளையாட்டு உருவாக்கும் இலவசக் கருவியொன்றில், பாத்திரங்கள் தாமே வழி கண்டு நடக்கிற பகுதியை எழுதியவன். அவனுக்கு எதிரே, ஒரே குடுவையில் ஊற்றி மாறி மாறிக் குடிக்கும் மாத்தே என்ற இலைப் பானமும் வெந்நீரும் வைத்துக்கொண்டு நோர்மா. கதவை ஒட்டி, கால் ஆடுகிற நாற்காலியில், கருவியைப் பற்றி வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் அயிலின்.

குஸ்கோ மலைப் பள்ளியிலிருந்து எயுலாலியா டீச்சர் மறுபடி எழுதியிருந்தார். அங்கே இணையம் எட்டாது. கடிதமும் பென்டிரைவும் தபாலில்தான் வரும். பிள்ளைகள் செய்த விளையாட்டில் ரொட்டிக்காரி சந்தில் திரும்பும்போதெல்லாம் சுவர் முனையில் முட்டிக்கொண்டு நிற்கிறாளாம். 'எங்களுக்கு மண்டை போதாது' என்று பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள்; இந்த முறையும் சரியாகாவிட்டால் வகுப்பையே நிறுத்திவிடுவேன் என்று முடித்திருந்தார்.

"கையேட்டைப் படிக்கச் சொல்லி எழுது," என்றான் ராமிரோ. "வழி தேடறதுன்னா சும்மாவா? கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கணும்."

"ஏற்கெனவே அதைத்தான் எழுதினேன். இனிமே எழுத மாட்டேன்," என்றாள் அயிலின்.

"அடேயப்பா, ஒல்லிக்குச்சிக்கு வர்ற கோபத்தைப் பாரு!" என்று அவளைக் கேலி செய்தான் ராமிரோ.

அயிலின் எழுந்து வந்து அவனை நகரச் சொன்னாள். கருவியோடு எல்லோருக்கும் அனுப்புகிற 'மாதிரி ஊர்' விளையாட்டைத் திறந்தாள். அதில் ராமிரோ உருவாக்கிய தபால்காரன் தெருத் தெருவாக வழுக்கிக்கொண்டு போனான். ஒரே ஒரு வீட்டின் சாய்ந்த மூலையைச் செங்கோணமாக்கினாள். தபால்காரன் அங்கே முட்டி, நின்ற இடத்திலேயே கால் வீசினான்.

நோர்மா குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ, உன் ஆளு சுவரோட குடித்தனம் பண்றான்!"

ரொசாரியோவில் தெருமுனை வீடென்றால் மூலையைச் சாய்வாக வெட்டித்தான் கட்டுவார்கள். ராமிரோவின் கை தன் ஊரையே வரைந்துவிட்டது. அவன் கணக்கோ ஆளை வெறும் புள்ளியாக நினைத்தது. உடம்பின் அகலத்தைச் சேர்க்கவே இல்லை. வெட்டிய முனையில் அது தெரியவில்லை; குஸ்கோப் பிள்ளைகள் வரைந்த வெட்டாத முனையில் தெரிந்துவிட்டது.

"சரி, முனையை வெட்டச் சொல்லி கையேட்டுல ஒரு வரி சேர்த்துடலாம்," என்றான் ராமிரோ.

"உன் கணக்கு நோகாம இருக்க, குஸ்கோக்காரங்க சுவரை இடிக்கணுமா?" என்றாள் அயிலின்.

அவள் செய்த மாற்றம் முன்பே தயார். பாத்திரத்தை வைத்ததும் உடம்பைச் சுற்றி வட்டம் தெரியும். அந்த அகலத்துக்கேற்ற வழி திரையில் கோடாக ஓடும். வழியில்லாத இடத்தில், 'இந்த இடைவெளி உடம்பைவிடக் குறுகல்' என்று எழுத்து வரும். குழந்தை விளையாட்டென்று அதை ஒதுக்கி வைத்தவன் ராமிரோதான்.

"நம்ம குழு கூடி ஒத்துக்காம இதை அனுப்பினா உன் பொறுப்பு போயிடும்," என்றான் ராமிரோ.

"போகட்டும். புரியாதவங்களைத் திட்டி எழுதற வேலைக்கு வேற ஆளைப் பாரு."

ராமிரோ பாதி குடித்த குடுவையை நோர்மாவிடம் நீட்டி, "நன்றி" என்றான். இனி தனக்கு ஊற்ற வேண்டாமென்று அதற்கு அர்த்தம். நோர்மா மீதியைக் கொட்டி, புதிதாக ஊற்றி அயிலினிடம் கொடுத்தாள்.

அயிலின் எழுதினாள்: 'டீச்சர், தப்பு பிள்ளைகளிடம் இல்லை, எங்களிடம். ரொட்டிக்காரியை அவர்கள் ஊர்ச் சந்திலேயே நடக்கவிடுங்கள்.'

"என் பேரு இருக்கா அதுல?" என்றான் ராமிரோ.

"இல்ல. என் பேரு மட்டும்தான். யாராவது கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன்."

மாற்றிய கருவி இருந்த பென்டிரைவைக் கடிதத்தோடு உறையில் போட்டாள். ஓரம் முழுக்கப் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டி, தபால் நிலையம் மூடுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.