மங்கையர்க்கரசி அடையாளம் காட்டுகிறாள்

என் கடைவாய்ப் பல்லில் இருக்கும் வெள்ளி அடைப்பை எடுத்துவிட்டு பல் நிறத்திலேயே ரெசின் வைப்பதற்கு, என்னை எரித்த பிற்பாடு என் எலும்பைப் பொறுக்கப் போகிறவரின் சம்மதம் தேவை. எல்லா ஊரிலும் இதுதான் நடைமுறை. ஆகவே மனைவி மங்கையர்க்கரசியைப் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல், மண் கலயத்தோடு வந்தாள்.

எனக்கு ரெசின்தான் வேண்டும். பேர்தான் வெள்ளி, பார்த்தால் அடுப்புக்கரி. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். எடுக்கிற போட்டோவிலெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க நான் தயாரில்லை.

"நான் சம்மதிக்க மாட்டேன் டாக்டர்," என்றாள் மங்கையர்க்கரசி. "எங்கப்பாவ எரிச்ச மறுநாளு போய்ப் பாத்தா வெறும் சாம்பலாக் கெடக்கு. எது அவரு, எது வெறகுன்னு தெரியல. அந்த வெள்ளிதான் பொட்டு மாதிரி மின்னுச்சு. அதப் பாத்துத்தான் அப்பான்னு கூப்பிட்டேன்."

டாக்டர் ஹெப்சிபா தலையாட்டினார். "வாஸ்தவந்தாம்மா. ரெசின் எரிஞ்சு போயிரும்."

"அப்ப இவர எதவச்சுக் கண்டுபிடிப்பேன்?"

"இத்தன வருசம் கூட இருந்திருக்கீங்க. தெரியாமயா போயிரும்? ரெசின வச்சிட்டு ஒரு பரீட்சை வச்சுப் பாத்துருவோம். கண்டுபிடிச்சீங்கன்னா சம்மதம் சொல்லுங்க."

எனக்குப் பயமே இல்லை. என்னை அவளுக்குத் தெரியாதா என்ன?

டாக்டர் வெள்ளியைத் தோண்டி எடுத்தார். ரெசினை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக விட்டார். பிறகு என்னைப் பின்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ரெசின் வைத்துக்கொண்ட ஆண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நானும் போய்ப் படுத்தேன். நர்ஸ் எல்லோர்மேலும் வெள்ளைத் துணி போர்த்தினாள். வாய் மட்டும் வெளியே தெரிந்தது. பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். துணி மெலிசு, எனக்கு எல்லாம் தெரிந்தது.

மங்கையர்க்கரசி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தாள். அவள் நடக்க நடக்க வரிசை நீண்டது. ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிற நிதானம். என்னிடம் வந்ததும் நான் வாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன். அவள் குனிந்தாள். ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு என் நாக்கில் விழுந்தது.

"இவரா?" என்றார் டாக்டர்.

"இல்ல. இவரு யாரோ."

பேசக்கூடாது என்பதால் பேசவில்லை.

அடுத்த ஆளிடம் போனதும் அவள் டார்ச்சை அணைத்துவிட்டாள். "ஏங்க, இங்கயா இருக்கீங்க," என்று தேம்பினாள். அந்த ஆள் துணியை விலக்கி எழுந்தார். என்னைவிடக் குட்டை. மீசை வேறு இருந்தது. "கெளம்பலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

"வீணாப் பயந்துட்டேன் டாக்டர்," என்று மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்தாள். "ரெசினே இருக்கட்டும். எனக்குச் சம்மதம்."

இருவரும் கல்யாணப் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். என் மகளின் கல்யாணம். அவர்கள் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மற்றவர்களையும் அவரவர் வீட்டார் வந்து அடையாளம் காட்ட, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளை எனக்கு முன்பின் தெரியாது. அவள் டார்ச்சை வாங்கிக்கொள்ளவில்லை. துணிக்கு மேலேயே என் கன்னத்தைத் தொட்டாள்.

"இவருதான்," என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

நர்ஸ் துணியை எடுத்தாள். இனி பேசலாம் என்றார் டாக்டர். நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கால் செருப்பில் ஒன்று எங்கோ கழன்று விழுந்திருந்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ரொம்பத் தேடுனியா?" என்று கேட்டேன்.