நடுப்பட்டையின் அகலம்

கார் கம்பெனியின் வடிவமைப்புக் கூடத்தில் துணியை இழுத்தார்கள். முழு அளவில் களிமண்ணால் செய்து நிறுத்தியிருந்த காரின் முகத்தைப் பார்த்ததும், களிமண்ணில் உருக்கொடுப்பதால் எல்லோரும் களிமண்ணக்கா என்று கூப்பிடுகிறவள் கிட்டே ஓடினாள். நாலு மாதம் அவள் பார்த்துப் பார்த்துச் செய்த முகம் இது இல்லவே இல்லை.

பல வருடமாகப் பெரும் பணக்காரர்கள் வாங்கிவரும் கார் அது. அதன் முகத்தை மாற்றச் சொல்லவில்லை, சற்றே திருத்தச் சொன்னார்கள். இதைவிடக் கொடுமையான வேலை உலகத்தில் கிடையாது. விளக்குகளை ஒரு விரல்கடை உள்ளே தள்ளி, கிரில்லைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, பானெட் விளிம்போடு மல்லுக்கட்டினாள். அங்கே முதலில் பாதி முகத்தைத்தான் செய்வார்கள். நடுக்கோட்டில் கண்ணாடியை நிறுத்தினால் மறுபாதி அதில் தெரிந்துவிடும். அதற்கு ஒப்புதல் கிடைத்ததும் ஸ்கேன் எடுத்து, முழு முகத்தையும் மிஷினில் செதுக்குவார்கள். அந்த மிஷினை ஓட்டுபவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான்.

கண்ணாடியில் பார்த்தபோது எல்லோரையும் சொக்கவைத்தது கிரில்லின் நடுப்பட்டை. "இப்பதான் மூக்கு எடுப்பா இருக்கு" என்று தலைமை வடிவமைப்பாளரே வாய்விட்டுச் சொன்னார். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் கண்ணாலேயே பிடித்துவிடுவேன் என்று சதா பீற்றிக்கொள்வதால், அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் அரைமில்லி. இப்போதோ அந்தப் பட்டை ஒல்லியாகி, முகமே சூம்பிக் கிடந்தது. திங்கட்கிழமை முதலாளிகள் பார்க்க வருகிறார்கள்.

பாதி முகத்தைக் கண்ணாடியோடு வைத்து எடுத்த படத்தை அரைமில்லி பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "நடுவுல எட்டு மில்லி காணோம். எங்கப்பா போச்சு?"

"ஸ்கேன்ல பாதிப்பட்டை எட்டுதான் சார் இருக்கு. ரெண்டும் சேந்தா பதினாறு" என்றான் தம்பி.

"அப்ப ஸ்கேனே தப்பா எடுத்திருக்கே."

சரிபார்க்க வழியில்லை. பாதி முகத்தின் மெழுகு கலந்த களிமண்ணை அப்போதே சுரண்டி அடுப்பில் போட்டு உருக்கியாகிவிட்டது. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு அக்காவைப் பார்த்தான். அவளுக்கோ ஆத்திரம் தலைக்கேறியிருந்தது.

"போனை நோண்டிக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான்டா ஆகும்" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாள்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானமே வேலையை விட்டுக் கிளம்பச் சொல்லி, அரைமில்லி தம்பியைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

அவள் தன் மூலைக்கு வந்தாள். கை சும்மா இருக்காமல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விரலும் அதன் பிம்பமும் தொட்டுக்கொள்ளவில்லை. நடுவே ஓர் இடைவெளி.

இந்த வேலைக்கான கண்ணாடிக்கு முன்பக்கம் ரசப்பூச்சு இருக்கும். விரல் வைத்தால் விரல்நுனியோடு விரல்நுனி முட்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய சுரண்டி வழுக்கி அந்தப் பூச்சைக் கீறிவிட்டது. புதிது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். யார் காத்திருப்பது என்று அடுத்த தெருக் கண்ணாடிக் கடையில் அதே அளவில் ஒன்றை அறுத்து வாங்கிவந்து மாட்டினாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாதாரணக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம். கண்ணாடியின் கனத்தால் விழுந்த இடைவெளிதான் இத்தனை நாளும் நடுப்பட்டையோடு சேர்ந்து எட்டு மில்லி கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றி, தானே தூக்கிக்கொண்டு அரைமில்லியின் அறைக்குப் போனாள். தம்பி மேசை ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

"சார், இதுல விரலை வைங்க."

வைத்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு விரலையும் வைத்துப் பார்த்தார்.

"இதை எப்பம்மா மாத்தினே?"

"ரெண்டு மாசமாச்சு சார். நான்தான் மாத்தினேன், சொல்லல. அவன் ஸ்கேன் சரியாத்தான் இருக்கு."

"ரெண்டு மாசமா தினம் இது முன்னாடிதானே நின்னேன்" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். அரை மில்லி பேச்சையே அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "அதைக் கிழிச்சுப் போடுடா. நீ ஒரு தப்பும் பண்ணல."

அவன் பேனாவைக் கீழே வைக்காமல் காகிதத்தையே பார்த்தான். "பண்ணேனேக்கா. ஸ்கேன் ஓடும்போது போன் வந்துச்சு, எடுத்துப் பேசினேன், அப்ப மேசை ஆடிப்போச்சு. எல்லாம் எழுதியிருக்கேன் பாரு."

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கு உன் போன் ரிப்பேர்னு எங்கிட்டதானேடா இருந்துச்சு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீ திட்டினதும் அப்படி நடந்த மாதிரியே எனக்கு ஞாபகம் வந்துடுச்சுக்கா" என்றான்.