விரிப்பின் மறுமுனை

எனக்கு வாய் அதிகம். மசாக்கா ஆஸ்பத்திரியில் எங்கள் பெண்கள் வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் மருந்து வண்டிக்கு முன்னால் என் குரல்தான் போகும்.

"எல்லாரும் காலை நீட்டுங்க! பாதத்தை மடக்குங்க! மூச்சு இருக்கில்ல, அப்புறம் ஏன் கட்டை மாதிரி கெடக்கறீங்க?"

நானும் அவர்களோடு குனிந்து நிமிர்வேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகிவிட்டேன். இந்தக் குனிதலும் நிமிர்தலும்தான் என்னைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் இனி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"மூசாவோ, உங்க இடுப்பு முறியற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்பார் ஜன்னலோரக் கட்டில் நல்வேயிசோ அம்மா. நர்ஸை எங்கள் ஊரில் மூசாவோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த அம்மாவுக்கு வயிற்றில் கட்டி எடுத்திருந்தது. நல்ல ஆகிருதி. நடந்தே ஆக வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறிவிடும். அப்புறம் எங்கள் கையில் ஒன்றுமில்லை. ஒரே மகள் நபுல்யா மஸ்கட்டில் வீட்டு வேலை பார்த்தாள். கூட இருந்தது மருமகன் சென்டோங்கோ மட்டும்தான். அவனோ வராந்தாவில், மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"யோவ் மாப்பிள்ளை, வந்து ஒரு கை பிடி!" என்று கத்தினேன்.

"ஐயோ மூசாவோ, அவங்க என் மாமியார்! நான் தொட்டா அவங்களுக்குக் கை நடுக்கம் வந்துடும்."

"தொட்டா நடுக்கம். நடக்கலைன்னா உயிரே போயிடும். எது வேணும்னு கேளு!"

"முறை தப்பி வாழறதைவிடப் போறதே மேல்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் கட்டிலிலிருந்து அந்த அம்மா. நாலு அடி தூரம்தான். ஆனாலும் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கவோ தொடவோ நேரே பேசவோ கூடாது என்பது எங்கள் ஊர் முறை, நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தக் கோபத்தில்தான் யோசனை வந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நீல விரிப்பை முறுக்கி, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையைச் சென்டோங்கோ பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தான். நான் பக்கத்தில்.

"போலாமான்னு கேளுங்க, மூசாவோ" என்பான் முன்னாலிருந்து.

"போகச் சொல்லுங்க, மூசாவோ."

நான் என்ன, தபால்காரியா? ஆனால் நடந்தார்! வார்டே கைதட்டியது. தினமும் இன்னும் கொஞ்சம் தூரம். ஞாயிற்றுக்கிழமை நபுல்யா வீடியோவில் கூப்பிடும்போது ஆஸ்பத்திரி வாசல் பலாமரத்தடியில் நின்று காட்ட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை வராந்தா ஈரமாக இருந்தது. அந்த அம்மாவின் கால் வழுக்கியது. நான் தாங்கினேன், என் இடுப்பு வெட்டியிழுத்துக் கை நழுவியது. விரிப்பு தளர்ந்ததை உணர்ந்து திரும்பிய சென்டோங்கோ, பாய்ந்து வந்து இரண்டு கையாலும் மாமியாரை அள்ளிப் பிடித்துவிட்டான்.

ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டார். சென்டோங்கோ வாசலில் மண்டியிட்டு அழுதான்.

அதன்பிறகு அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சாயங்காலம் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

"பாத்தீங்களா? வந்துடுச்சு."

"பயத்துல நடுங்குதும்மா! என் கண்ணில்ல, படுத்துக்கிட்டே பாதத்தையாவது மடக்குங்க."

திட்டினேன். கெஞ்சினேன். அழுதேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நபுல்யாவைப் போனில் கூப்பிட்டேன்.

"அவர் பிடிக்கலைன்னா நீ விழுந்திருப்பேம்மா" என்று கதறினாள் அவள்.

"விழுந்திருக்கலாம்டி" என்றார் தாய்.

மறுநாள் கால் வீங்கியது. டாக்டர் வந்து ஊசி போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் "காலை நீட்டுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டு வரும்போது, அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். என்னென்னவோ செய்து பார்த்தோம். போய்விட்டார். பாவி மனுஷி, ஒரு பாதத்தை மடக்கியிருக்கக் கூடாதா?

ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி பலாமரத்தடியில் நின்றது. வராந்தாப் படியில் தள்ளுவண்டி இறங்காது. அதே நீல விரிப்பில் கிடத்தினோம். பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தங்கள் இருவர் கைகொடுத்தார்கள். இடுப்பு போனால் போகட்டும் என்று நானும் தலைமாட்டில் ஒரு முனையைப் பிடித்தேன். கால்மாட்டில் ஒரு முனையைச் சென்டோங்கோ பிடித்தான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

மரத்தடிக்கு வந்ததும் நின்றான். அப்போதும் அவன் திரும்பவில்லை.

"மரத்துக்கிட்ட வந்துட்டோம்னு அவங்ககிட்ட சொல்லுங்க, மூசாவோ."

நான் குனிந்து, அவர் காதருகில் சொன்னேன்.