ஊருக்கு மூன்று விழுக்காடு

திரையில் நாற்பது ஆட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆட ஆள் கிடையாது. கணினியே தன்னோடு ஆடிக்கொண்டது. ஊர் கட்டியது, படை திரட்டியது, சக்கரத்தையும் வெடிமருந்தையும் கண்டுபிடித்தது. அவள் எண்களைத் தாளில் குறித்தபடியே கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. மூன்று மணிக்கு எச்.ஆர். அறைக்கு வரச் சொல்லிக் காலையில் மெயில் வந்திருந்தது. காரணம் போடவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அவள் கம்பெனி தயாரிக்கும் அந்தக் கணினி விளையாட்டில் புதிதாக ஓர் ஊர் பிடித்தால் ஆராய்ச்சிச் செலவு ஐந்து விழுக்காடு ஏறும். அந்த அபராதம் இல்லாவிட்டால் நிலத்தை வளைத்துப் போட்டவனே எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்துவிடுவான். அந்த எண்களைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். ஐந்து ரொம்ப அதிகம் என்று ஆடுகிறவர்கள் புலம்பவே, போன புதன்கிழமை டீம் லீடர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூணாக்கிடும்மா."

"ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு மாத்தறேன் சார்."

"புது வெர்ஷன் வெள்ளிக்கிழமை வெளிய போயாகணும். நான் இருக்கேன்ல, போடு."

போட்டாள். சனிக்கிழமை நடந்த பெரிய போட்டியில் ஒருவன் முப்பது ஊர் பிடித்து, மற்றவர்கள் வில்லும் அம்புமாக நிற்கும்போதே விமானத்தில் வந்து குண்டு போட்டான். போட்டி பாதியில் நின்றது.

செல்போன் அதிர்ந்தது. கணவன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கும் எலக்ட்ரீஷியன்.

"வியாழக்கிழமை ஆபரேஷன். உன் கம்பெனி இன்ஷூரன்ஸ்லேருந்து லெட்டர் வேணுமாம்."

"வாங்கிட்டு வரேன்."

"மெதுவாவே வா. இடுப்பு உடைஞ்சவன் எங்க ஓடிடப் போறேன்?"

அவளால் சிரிக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் வரைபடம் வரைகிற அக்காவிடம் குனிந்தாள்.

"அக்கா, அன்னைக்கு சார் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

அக்கா வரைந்துகொண்டிருந்த மலைக்கு நிழல் போட்டு முடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"விழுந்துச்சு. ஆனா என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதே தாயே. எனக்கும் அடுத்த மாசம்தான் ஒப்பந்தம் முடியுது."

அவள் சாப்பிடவில்லை. சரியான எண்ணைக் கையில் கொண்டு போனால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. மாற்றி மாற்றி ஓட்டினாள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிடி கிடைத்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

எச்.ஆர். அறையில் டீம் லீடரும் இருந்தார். எண்ணை மாற்றியவர் பெயராக அவள் பெயரும், மாற்றிய நேரமும் திரையில் பெரிதாகத் தெரிந்தன.

"மாத்தினது நீங்கதானே?" என்றாள் எச்.ஆர். அதிகாரி.

"ஆமா மேடம். ஆனா சார்தான்..."

"யோசனை சொன்னேன்மா," என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "சரிபாக்காம வெளிய விடுன்னா சொன்னேன்?"

அவள் தாளைப் பிரித்து நீட்டினாள். "முதல் நாலு ஊருக்கு அபராதம் வேணாம் சார். அஞ்சாவதுலேருந்து படிப்படியா ஏத்தணும். பத்து ஊர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன், நிக்குது."

அவர் வாங்கிப் படித்தார். தலையாட்டினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி வேறொரு தாளை நகர்த்தினாள். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது என்றிருந்தது.

"மேடம், இன்ஷூரன்ஸ்? வியாழக்கிழமை அவருக்கு..."

"அதுவும் இன்னையோடதான். கையெழுத்துப் போடுங்க."

காவலாளி துணைக்கு வந்தார். பை எடுக்க மேசைக்குப் போனபோது அவள் நாற்காலியில் டீம் லீடர் உட்கார்ந்து, தாளைப் பார்த்து எண்களை அடித்துக்கொண்டிருந்தார். அக்கா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்து ஊருக்கு மேல போனா எவ்வளவும்மா? காலியா விட்டிருக்கியே," என்றார் அவர், திரும்பாமலே.

"அதை இன்னும் ஓட்டிப் பார்க்கலை சார்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆறு போடுங்க. ஆறு சரியா வரும்."

அவர் ஆறு என்று அடித்தார். காவலாளி அடையாள அட்டைக்குக் கை நீட்டினார். அட்டையின் நாடா அவள் முடியில் சிக்கியது. அவர் எடுக்க வசதியாக அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.