மலைக்குப் பின்னால் கொஞ்சம் வெயில்

என் அம்மாவும் நைனாவும் பிரிந்ததற்குக் காரணம் ராஜகிரி மலை. சிரிக்காதீர்கள். பத்து வருஷமாக இதை ஊருக்கு விளக்கிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய்ச் சோறு தொடமாட்டோம். செஞ்சிக் கடைத்தெருவுக்கு மேற்கே அந்த ராஜகிரிக் கோட்டை மலை நிற்கிறது. பொழுது சாய இருபது நிமிஷம் இருக்கும்போதே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். பாத்திரக்கடை வைத்திருந்த என் நைனா மல்லிநாதன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடித்துவிட்டு, சரியாக அந்த இருபது நிமிஷத்துக்குள்தான் வீட்டுக்கு வருவார்.

"மலைக்குப் பின்னால இருக்குது, சோத்தப் போடு" என்பார்.

"கண்ணுக்குத் தெரியாத சூரியன் எனக்கு வேணாம்" என்பாள் என் அம்மா ராஜமதி.

பேசிப் பேசியே சூரியன் நிஜமாகப் போய்விடும். அவர் பட்டினி. அவர் சாப்பிடாததால் அவளும் பட்டினி. நான் மட்டும் ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் நைனா, "இந்த வூட்ல பொழுது எப்ப போவணும்னு நீதான் சொல்லுவியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாள் காலையில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு வல்லத்தில் மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். நைனா இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். அவள் வாசலுக்கே வரவில்லை. அப்புறம் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. மாசம் ஒருதரம் என்னைப் பார்க்க மட்டும் வருவார்.

அறுபத்துநாலாம் வருஷம் தை மாசம் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஊர் பனமலை. நிச்சயம் பெண்ணின் அப்பா வீட்டில்தான் நடக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் என்னோடு வந்தாள். "ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவளுடைய துணிப்பை நாள் முழுக்கக் கதவோரம் இருந்தது.

எனக்கு அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். நானும் போய்விட்டால் மாமா வீட்டு மூலையில் இவள், பாத்திரக் குவியலுக்கு நடுவில் அவர். நினைத்தாலே அழுகை வந்தது.

அம்மா பத்து வருஷம் கழித்து அந்த அடுப்பில் சமைத்தாள். உப்பு ஜாடி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அவளுடைய பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார் நைனா. அதைக் கையில் எடுத்து அவள் வெகுநேரம் நின்றாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வந்தவர்களுக்குப் பரிமாறியதில் அம்மாவும் நைனாவும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பஸ் ஏற்றிவிடப் போனார் நைனா. அந்தப் பஸ் தாமதம். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சேர்ந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பொழுது போயிடுச்சி, ராஜமதி. நீ சொல்றதுதான் சரி. எனக்கு வேணாம், வுடு."

அம்மா தட்டோடு வந்தாள். "இன்னா போயிடுச்சி? மலைக்குப் பின்னால இருக்குது. உக்காருங்க."

"கண்ணுக்குத் தெரியலியே."

"தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

"நீதான சொன்ன?"

"நீங்க மட்டும் இன்னா சொன்னீங்களாம்?"

அதே சண்டை. ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"ரெண்டு பேரும் நிறுத்துங்க! இருக்குதா இல்லியான்னு மலையத் தாண்டிப் போயிப் பாருங்க!" என்று கத்திவிட்டேன். நிச்சயமான பெண் கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

நைனா என்னைப் பார்த்தார். அப்புறம் சைக்கிளைப் பார்த்தார். நான் யோசிக்க விடவில்லை. சோற்றையும் மோர்க்குழம்பையும் பூசணிக் கூட்டையும் டிபன் கேரியரில் அள்ளிப்போட்டு அம்மா கையில் திணித்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே பின்சீட்டில் உட்கார்ந்தாள். நாற்பது வயதில் சைக்கிள் சவாரி!

எதிர்க்கடைக் கலியபெருமாள் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே, ஜோடியா எங்க?"

"சூரியனப் பாக்க!" என்று கத்திக்கொண்டே நைனா திருவண்ணாமலை ரோட்டில் மிதித்தார். கோட்டை மதிலைத் தாண்டிவிட்டால் மேற்கே மறைக்க ஒன்றும் இல்லை.

நான் அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஆறரை பஸ் வந்தது. "வல்லம், வல்லம்" என்று கண்டக்டர் கூவினார். "ஏறலியாம்மா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார்கள். அம்மா கையில் காலி கேரியர். நைனாவின் மீசையில் ஒரு பருக்கை.

"இருந்துச்சா?" என்றேன்.

"ஒரு முழம் இருந்துச்சி" என்றார் நைனா. "ரெண்டு பேரும் வயிறாரச் சாப்ட்டுட்டோம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்: "நாளைலேர்ந்து கடைய அஞ்சு மணிக்கே சாத்திடுங்க. தெனம் தெனம் என்னால சைக்கிள்ல தொங்கிக்கினு போவ முடியாது."

தினம் தினம் என்றாள். நான் பையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அதிலிருந்த அவளுடைய மாற்றுப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டேன்.